கைக்கடிகாரம் கைதட்டிய மாணவி

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்து, ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தேன். எங்கள் பள்ளி நலவாழ்வு மன்றத்தில் ஆறு பேர் ஆறு வாரங்களாகக் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சுகளில், ‘தீவிர உழைப்பு நிமிடங்கள்’ என்ற கணக்கில் அவள்தான் முதலிடம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜனவரி மூன்றாம் வாரத்தில் அவளுடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹீமோகுளோபின் 8.7. ஆறு பேரில் யார் உடம்பு மிகவும் நலிந்திருந்ததோ, அவளைத் தேடிப்பிடித்து ஆரோக்கியப் பரிசு கொடுத்திருக்கிறேன். நான் உயிரியல் ஆசிரியர் வேறு.

அவளும் அவளுடைய அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இடமும் ஆட்களும்

பள்ளி கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைச் சரிவின் மேல் இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து 112 படிகள். இந்தப் படிகள் பின்னால் முக்கியமாகும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள், எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து வரும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், கடைவீதிப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். நம் மாணவி லைன் வீட்டுக்காரி. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பாட்டி இன்றும் தேநீரைத் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொல்வார். அந்தத் தேத்தண்ணியும் பின்னால் வரும்.

முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்தில் ஆறு வாட்சுகள் வாங்கினோம். ஒன்றின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே. அடி எண்ணும், நாடித்துடிப்பு பார்க்கும், தூக்கத்துக்கு மதிப்பெண் போடும், இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாளில், எறும்பு ஊர்ந்ததைப் போன்ற எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல’ என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை நான் ஜனவரியில்தான் விரித்துப் பார்த்தேன்.

முதல் நாளே ஒரு கோணல் நடந்தது. செயலி பிறந்த ஆண்டைக் கேட்டது. உண்மையான ஆண்டைப் போட்டால் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்று நின்றுவிட்டது. ஒரு மாணவன் இரண்டாயிரம் என்று போட்டுப் பார்த்தான், கதவு திறந்தது. ஐந்தே நிமிடத்தில் ஆறு பேருக்கும் இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் அவர்களுடைய விவரங்களைக் கையாளக் கூடாது என்கிறது. அந்தப் பொய்யில் சட்டச் சிக்கலோடு உடற்கூற்றுச் சிக்கலும் ஒன்று ஒளிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு பேரில் ஒருவருக்கும் சொந்தக் கைப்பேசி இல்லை. அப்பாவுடையது, அம்மாவுடையது, சித்தப்பாவுடையது என்று இணைத்தார்கள். நம் மாணவியின் வாட்சு அண்ணனின் கைப்பேசியோடு இணைந்தது.

எண்ணிக்கை விளையாட்டு

முதல் மூன்று வாரம் திருவிழாதான். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்பதே பேச்சு. பத்தாயிரம் என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடச் சொன்னேன். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் விற்ற அடி அளவியின் பெயரிலிருந்து வந்தது. ‘மான்போ-கெய்’ என்றால் பத்தாயிரம் அடி மானி என்று பொருள். சரக்குக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது அடிக்கணக்கே இல்லை. சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பு. இதைக் கண்டுபிடித்த நாளில் மன்றத்தில் ஒரு சின்னக் கலகமே நடந்தது. எனக்குப் பிடித்த நாள் அது.

அதைவிடப் பெரிய பாடத்தை ஒரு மாணவனின் அம்மா நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மகனின் வாட்சைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். தேயிலை வரிசைக்குள் நின்ற இடத்திலேயே இரண்டு கைகளும் படபடவென்று இலையும் மொட்டுமாகக் கிள்ளுகின்றன. வாட்சு ஒவ்வொரு கை அசைவையும் ஓர் அடி என்று எண்ணியிருக்கிறது. மதியத்துக்குள் பதினாலாயிரத்தைத் தாண்டியது. பிறகு இலை மூட்டையைத் தலையில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எடைபோடும் இடம் வரை சரிவில் ஏறினார். அந்த ஏற்றத்தில்தான் அவருக்கு மூச்சு வாங்கியது. கை ஆடவில்லை, எனவே வாட்சுக்கு அவர் நடக்கவே இல்லை. “நின்றால் நடக்கிறேன் என்கிறது, நடந்தால் நிற்கிறேன் என்கிறது” என்று அவர் சொன்னதை மகன் மன்றத்தில் அப்படியே சொன்னான். மணிக்கட்டில் இருக்கும் முடுக்கமானி, அதாவது வாட்சுக்குள் அசைவை அளக்கும் உணரி, காலைப் பார்ப்பதில்லை, கையை வைத்து ஊகிக்கிறது என்பதை நான் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் இந்த அளவுக்கு விளங்க வைத்திருக்க முடியாது.

தூக்க மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாணவன் மதிப்பெண் குறைந்துவிடுமே என்ற கவலையில் தூங்காமல் கிடந்தான். வாட்சைக் கழற்றி வைத்த இரவு நன்றாகத் தூங்கினான்.

இன்னொருவன் ஒரு நாள் வெளிறிப்போய் வந்தான். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தபோது, மூச்சை இழுத்தால் வேகமாகவும் விட்டால் மெதுவாகவும் துடிக்கிறது, இதயத்தில் ஏதோ கோளாறு என்று. இளம் வயதில் அது இயல்பு, நுரையீரலும் இதயமும் பேசிக்கொள்ளும் விதம் அது என்று சொன்னேன். அவன் அதை வாட்சில் தேடிப் பார்த்தான். வாட்சு ஒரே சீராக 76 என்று காட்டியது. சில நொடிகளின் சராசரியை மட்டும் அது காட்டுவதால், அவன் விரல் கண்டுபிடித்ததை அது மழுப்பிவிட்டது. அன்றுதான் ஆளுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘வாட்சு சொன்னது’, வலப்பக்கம் ‘விரல் சொன்னது’. தினமும் காலை 112 படி ஏறியதும் ஒரு முறை, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை, துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கும் வரை எழுத வேண்டும்.

நல்ல யோசனைதான். எழுதச் சொன்ன நான் அவற்றைப் படித்தேனா என்பது வேறு விஷயம்.

பரிசு எப்படிக் கிடைத்தது

‘தீவிர உழைப்பு நிமிடம்’ என்பதைச் செயலி கணக்கிடும் விதம் எளிது. 220லிருந்து வயதைக் கழித்தால் வருவது இதயத்தின் உச்சபட்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்கிறது. அதில் 70 சதவீதத்தைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் தீவிர உழைப்பு. பதினாறு வயதுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 143. பொய்யாக எழுதிய இருபத்தைந்து வயதுக்கு 137. வயதைக் கூட்டியதால் எல்லை தாழ்ந்து, எல்லோருக்கும் நிமிடங்கள் மலிவாகக் கிடைத்தன. நான் ஒளிந்திருக்கிறது என்று சொன்ன சிக்கல் இதுதான்.

நம் மாணவிக்கோ மலிவிலும் மலிவு. படி ஏறினால் 158. வகுப்பு மாறி மாடி ஏறினால் 140. தண்ணீர்க் குடத்தோடு லைனுக்கு நடந்தால் 150. உட்கார்ந்திருக்கும்போதே 96. செயலி அவளுக்குப் பொன்னிறப் பதக்கம் ஒன்றைப் படமாக அனுப்பியது. திரை முழுவதும் காகிதத் துண்டுகள் பறக்கும் வாழ்த்து வேறு. கபடி ஆடும் மாணவன் நான்காம் இடத்தில் இருந்தான். அவன் இதயம் படி ஏறினால் 124ஐத் தாண்டவில்லை. பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் நிறைய இரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் அது அவசரப்படுவதில்லை. இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பாடமாக எடுக்கிறேன். முதலிடத்தையும் நான்காமிடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பதக்கப் படம் இருந்தால், எண்ணைக் கேள்வி கேட்க மனம் வருவதில்லை போலிருக்கிறது.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன்.

89

ஜனவரியில், உறைபனி பெய்யும் நாட்கள். காலை ஏழே முக்காலுக்கு பஸ் நிறுத்தத்தில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே. ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு அவள் ஆக்சிஜன் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் 89. மறுபடியும் அழுத்தினாள், 88. கோவிட் இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த நினைவு இந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று அப்போது ஊரே மனப்பாடம் செய்திருந்தது. இரண்டு மாணவர்கள் அவளைப் படியேற விடாமல் அங்கேயே உட்கார வைத்துவிட்டு, ஒருவன் மட்டும் ஓடி வந்தான். “டீச்சர், அவளுக்கு ஆக்சிஜன் இல்லை!”

ஜீப் பிடித்துக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தோம். வெளிநோயாளர் பிரிவில் இருந்த செவிலியர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார், ஐஸ்கட்டிபோல் இருந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். பிறகு விரலில் மாட்டும் கருவியை வைத்தார். 96.

வாட்சு ஏன் அப்படிச் சொன்னது? விரல் கருவி, ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974இல் வகுத்த முறையில், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் விரலுக்குள் ஊடுருவவிட்டு, ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அவற்றை எப்படி விழுங்குகின்றன என்று ஒப்பிடுகிறது. வாட்சு அதையே தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துச் செய்கிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. பட்டையும் தளர்ந்திருந்தால் திரும்பி வரும் சமிக்ஞையில் தகவலைவிட இரைச்சலே அதிகம். கருந்தோலில் வேறொரு தவறும் நேரும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மருத்துவமனைக் கருவிகளே கருப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை, வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. அங்கே கருவி உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னது, இங்கே குறைத்துச் சொன்னது. மேலும், எங்கள் உயரத்தில் சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாக இருப்பது சாதாரணம். 96 நல்ல எண்தான்.

அப்பாடா என்று எழுந்தேன். மருத்துவர் எழவில்லை.

கீழிமை

அவர் இளம் பெண். மேசையைச் சுற்றி வந்து, மாணவியின் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் இருந்தது. நகங்களைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். “படி ஏறினால் என்ன செய்யும்?” என்று கேட்டார். “நெஞ்சு படபடக்கும், டாக்டர். ஆனால் அது நல்லதுதானே, அதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள்” என்றாள் அவள். மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

8.7 என்று முடிவு வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. அதுவும் சமவெளிக் கணக்கு. உயரத்தில் வாழும் உடல் கூடுதலாகவே ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ளும் என்பதால், மலையில் அளவுகோலையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். எங்கள் 8.7 தோற்றத்தைவிட மோசம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய் இருப்பதால் இங்குள்ள மருத்துவர்கள் அதையும் மனத்தில் வைத்தே பார்ப்பார்கள். இவளுக்கு அது இல்லை. இரும்புச்சத்துக் குறைவுதான்.

ஆக்சிஜன் 96 இருக்கும்போது இரத்தம் எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். அவள் கேட்டாள். மருத்துவர் சன்னலுக்கு வெளியே நின்ற இலை வண்டியைக் காட்டினார். “தொழிற்சாலைக்குப் பத்து வண்டிப் பசுந்தேயிலை வர வேண்டும். ஏழு வண்டிதான் இருக்கிறது. ஏழும் நிரம்பி வழிகிறது. இந்தக் கருவி வண்டி நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எத்தனை வண்டி என்று அதற்குத் தெரியாது. வண்டி குறைந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? அதே வண்டியை வேக வேகமாக இரண்டு நடை கூடுதலாக ஓட்டுவார். உன் நெஞ்சு படபடப்பது அதுதான்.” இருபது ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன், இந்த உவமை எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு கேள்விகள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாளா? சாப்பிடுகிறாள், வாய் கசக்கிறது என்று பாட்டி கொடுத்தனுப்பும் தேத்தண்ணியோடு. தேநீரிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும். மூன்று வேளைச் சோற்றுக்குப் பின்னும் தேநீர்தான். தேயிலை விளையும் ஊரில் தேநீர் குடிக்காதே என்று யாரிடம் சொல்வது? மருத்துவர் அப்படிச் சொல்லவும் இல்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குடி, மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொள் என்றார்.

மாதவிடாய் எத்தனை நாள்? “எட்டு, ஒன்பது நாள்.” எப்போதிருந்து? “எப்போதுமே அப்படித்தான். எல்லோருக்கும் அப்படித்தானே?”

அந்தச் செயலியில் மாதவிடாய் நாட்களைக் குறிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. என் பார்வையில், அதிலிருந்த வசதிகளில் உருப்படியானது அது ஒன்றுதான்; உணரிகளின் ஊகம் எதுவும் இல்லை, குறித்தால் குறித்ததைக் காட்டும். மூன்று மாதம் குறித்திருந்தால், எட்டு நாள் என்பது திரையில் பட்டையாக நீண்டு நின்றிருக்கும். தோழியின் நான்கு நாளோடு ஒப்பிட்டாவது கேள்வி எழுந்திருக்கும். அவள் முதல் மாதம் குறித்தாள். அடுத்த மாதம் ‘உங்கள் நாள் நெருங்குகிறது’ என்ற அறிவிப்பு, அண்ணன் நண்பர்களோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கைப்பேசியில் வந்து நின்றது. அன்றோடு அந்தப் பக்கத்தை அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசி யாருடையது என்று நவம்பரில் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்ட நான், அதன் பொருள் என்ன என்று யோசிக்கவில்லை.

நோட்டுப்புத்தகம்

பள்ளிக்குத் திரும்பியதும் ஆறு நோட்டுப்புத்தகங்களையும் மேசையில் பரப்பினேன். எல்லாம் அதில் இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் படி ஏறிய பின் இரண்டு, மூன்று நிமிடத்தில் துடிப்பு நூறுக்குக் கீழே வந்துவிடுகிறது. அவள் பக்கத்தில் எண்கள் நீண்டுகொண்டே போகின்றன. 156, 148, 139, 131, 124, 117, 111, 106. எட்டாவது நிமிடத்தில் மணி அடித்திருக்கிறது, நிறுத்தியிருக்கிறாள். நவம்பர் இறுதியில் ஒரு நாள், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?” அதற்கு எதிரே என் சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம். படிக்காமல் போட்டது.

வாட்சின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான், ஆனால் அது நியாயமில்லை. தவறான எண்ணைக் காட்டித்தான் அது அவளை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சரியாகக் காட்டிய துடிப்பு எண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் தவறாகப் படித்தோம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. வகுப்பில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொண்டு தேட வேண்டிய ஒன்றை, ஒரு பொத்தானும் காட்டாததால் நான் தேடவே இல்லை.

பிப்ரவரியில் மன்றத்தின் வேலையை மாற்றினோம். பிறந்த ஆண்டுகள் திருத்தப்பட்டன. பெற்றோரை அழைத்து, எந்த விவரம் எங்கே போகிறது என்று காட்டி, கையொப்பம் வாங்கினோம். மூன்று பெண்கள் மாதவிடாய் நாட்களைக் காகித நாட்காட்டியில் குறிக்கிறார்கள், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. பதக்கப் பட்டியலை எடுத்துவிட்டோம். ‘படி ஏறிய பின் யாருடைய துடிப்பு சீக்கிரம் இறங்குகிறது’ என்று கபடிக்காரன் ஒரு புதுப் போட்டி கேட்டான். யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். கிராம சுகாதார செவிலியரை அழைத்து, பதினொன்றாம் வகுப்பு முழுவதற்கும் இரத்தம் பார்த்தோம். அதன் முடிவுகளை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

மூன்று மாதம் தினமும் மாத்திரை, குடற்புழு மாத்திரை, எட்டு நாள் மாதவிடாய்க்குத் தனியாகச் சிகிச்சை. பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சோற்றுக்குப் பின் பிள்ளைக்குத் தேத்தண்ணி இல்லையா என்று அவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். “நாலு மணிக்குக் கொடுங்கள் அம்மா, இரண்டு குவளையாகக் கொடுங்கள்” என்று சமாதானம் செய்தோம். ஏப்ரலில் ஹீமோகுளோபின் 11.3. இன்னும் சில மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார் மருத்துவர்.

ஆண்டுத்தேர்வு முடிந்த மறுநாள் அவள் படியேறி வந்தாள். என் மேசைக்கு எதிரே நின்று, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். 118. இரண்டு நிமிடம் கழித்து 96. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போது வாட்சு இணைந்திருக்கும் அம்மாவின் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். செயலி அன்று காலை அனுப்பிய செய்தி அதில் இருந்தது: ‘உங்கள் தீவிர உழைப்பு சென்ற மாதத்தைவிட 41 சதவீதம் குறைந்துள்ளது. சோர்ந்துவிடாதீர்கள்!’